விஎம்முக்குள் 21 ஜிபிதான், வெளியே இமேஜ் ஃபைல் 83 ஜிபி: எப்படிச் சுருக்குவது?

கருவிப்பெட்டி:

வணக்கம் நண்பர்களே. லேப்டாப்பில் லினக்ஸ், அதன் மேல் கேவிஎம் (லினக்ஸின் விர்ச்சுவல் மெஷின் வசதி) போட்டு ஒரு டெபியன் விஎம்மை (கணினிக்குள் ஓடும் இன்னொரு கணினி) இரண்டு வருடமாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். டேட்டாபேஸ் சோதனைகள் எல்லாம் அதில்தான். அதன் டிஸ்க் இமேஜ், அதாவது விஎம்முக்கு ஹார்டு டிஸ்காக இருக்கும் ஃபைல், கியூகவ்2 வகை. தேவைக்கு ஏற்ப வளரும் என்று படித்திருந்ததால் உருவாக்கும்போது தாராளமாக 100 ஜிபி கொடுத்துவிட்டேன். சொன்னபடியே வளர்ந்தது. போன மாதம் வரை பெரிய பெரிய டம்ப் ஃபைல்கள் (டேட்டாபேஸின் நகல்கள்) உள்ளே கிடந்தன, வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் அழித்தேன், டாக்கரில் சேர்ந்திருந்த பழைய இமேஜ்களையும் தூக்கினேன். இப்போது விஎம்முக்குள் டிஎஃப் அடித்தால் 21 ஜிபிதான் பயன்பாட்டில் இருக்கிறது. வெளியே வந்து பார்த்தால் அந்த ஒரே ஃபைல் 83 ஜிபி! ஒரு எம்பி கூடக் குறையவில்லை.

லேப்டாப்பில் மீதி 9 ஜிபிதான் இருக்கிறது. தவிர, கூட வேலை செய்யும் ஒருவருக்கு இதே விஎம்மைக் கொடுத்தாக வேண்டும், 83 ஜிபியை எப்படி அனுப்ப? கியூஎமு-இமேஜ் ரீசைஸ் என்று ஒரு கமாண்ட் பார்த்தேன், அதில் 30 ஜிபி என்று கொடுத்தால் ஃபைல் சுருங்கிவிடுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், டேட்டா போகாமல் இருந்தால் போதும்.

வெண்பலகை:

ரீசைஸ் பக்கம் போகவே போகாதீர்கள். அது ஃபைலைச் சுருக்குவதில்லை, டிஸ்கையே வெட்டுகிறது. உள்ளே இருக்கும் பார்ட்டிஷனும் ஃபைல் சிஸ்டமும் டிஸ்க் இன்னும் 100 ஜிபி என்றே நம்பிக்கொண்டிருக்கும், 30-க்கு அப்பால் இருந்த பிளாக்குகள் போயே போய்விடும். ஷ்ரிங்க் என்ற ஆப்ஷனைத் தனியாகச் சேர்த்தால்தான் அந்தக் கமாண்ட் அளவைக் குறைக்கவே ஒத்துக்கொள்ளும், காரணம் இதுதான்.

நான் வழக்கமாகச் செய்வதைச் சொல்கிறேன். விஎம்முக்குள் ரூட்டாக நுழைந்து, டிடி கமாண்டால் டெவ்-ஜீரோவிலிருந்து (வெறும் பூஜ்ஜியமாகவே தரும் இடம்) ஒரு ஃபைலுக்கு எழுத விடுங்கள், டிஸ்க் நிரம்பி இடமில்லை என்று அதுவே நின்றுவிடும். சிங்க் கொடுங்கள், அந்த ஃபைலை அழியுங்கள், விஎம்மை அணையுங்கள். அப்புறம் வெளியே கியூஎமு-இமேஜ் கன்வெர்ட் போட்டுப் புதிய கியூகவ்2 ஆக எடுங்கள். வெறும் பூஜ்ஜியமாக இருக்கும் இடங்களை அது புதிய ஃபைலில் எழுதாது. 83 ஜிபி எப்படியும் 25 பக்கம் வந்துவிடும்.

இரவுக்காவல்:

வெண்பலகை சொன்ன வழி சரியான வழிதான், பல வருடம் நானும் அப்படித்தான் செய்தேன். ஆனால் கருவிப்பெட்டி, உங்கள் நிலைமையில் அதைச் செய்யாதீர்கள், தயவுசெய்து. ஹோஸ்டில், அதாவது உங்கள் லேப்டாப்பில், 9 ஜிபிதான் இருக்கிறது என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள்.

முதலில் ஏன் சுருங்கவில்லை என்று பார்த்துவிடுவோம். விஎம்முக்குள் ஒரு ஃபைலை அழித்தால் கெஸ்டின் (உள்ளே ஓடும் விஎம்மின்) ஃபைல் சிஸ்டம் தன் கணக்கில் "இந்த பிளாக்குகள் இனி காலி" என்று குறித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். பிளாக்குகளில் இருந்த பழைய டேட்டா அங்கேயேதான் கிடக்கும். ஹோஸ்ட் பக்கம் விஎம்மை ஓட்டும் கியூஎமு புரோகிராமுக்கு அந்தக் கணக்கைப் படிக்கத் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான், இந்த 64 கேபி கிளஸ்டரில் (கியூகவ்2 இடம் ஒதுக்கும் துண்டு) ஒருமுறை எழுதினார்கள், அதனால் இதற்கு ஃபைலில் இடம் கொடுத்திருக்கிறேன் என்பது. எழுதினால் தெரியும், அழித்தால் தெரியாது. அதனால்தான் இந்த வகை இமேஜ்கள் எல்லாமே வளரும், தானாகக் குறையாது. விடிஐ, விஎம்டிகே, விஎச்டிஎக்ஸ் என்று வேறு எந்த இமேஜ் வகையை எடுத்தாலும் கதை இதேதான்.

இப்போது டிடி போட்டால் என்ன ஆகும்? பூஜ்ஜியமாக இருந்தாலும் அதுவும் எழுத்துதான். தனியாக டிடெக்ட்-ஜீரோஸ் என்ற ஆப்ஷனைப் போட்டிருந்தால் ஒழிய கியூஎமு உள்ளே என்ன எழுதுகிறோம் என்று பார்க்காது, இதுவரை தொடாத கிளஸ்டர்களுக்கும் இடம் ஒதுக்கிக்கொண்டே போகும். 83 ஜிபி ஃபைல் 100-ஐ நோக்கி வளரும், உங்களிடம் 9 ஜிபிதான், 92-லேயே ஹோஸ்ட் நிரம்பிவிடும். அந்த நேரத்தில் கியூஎமு விஎம்மை அப்படியே இடையில் நிறுத்தி வைத்துவிடும், வழக்கமான செட்டிங்கே அதுதான். ஹோஸ்டில் திறந்திருக்கும் மற்ற புரோகிராம்களும் எதையும் சேமிக்க முடியாமல் திணறும். எனக்கு இது நடந்திருக்கிறது, ஒரு ராத்திரி முழுக்க ஹோஸ்டில் எதை அழிக்கலாம் என்று தேடிக்கொண்டிருந்தேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். இதையெல்லாம் தாண்டினாலும் கன்வெர்ட் செய்யப் புதிய ஃபைலுக்கு இன்னொரு 20 ஜிபிக்கு மேல் வேண்டும்.

உங்களுக்கு ஏற்றது டிரிம். எஸ்எஸ்டிக்குச் செய்வோமே அதேதான். "இந்த பிளாக்குகள் எனக்கு வேண்டாம்" என்று கெஸ்டே கீழே சொல்லும், கியூஎமு அந்தக் கிளஸ்டர்களை விடுவித்து ஹோஸ்ட் ஃபைலில் அந்த இடத்தில் ஓட்டை போட்டுவிடும். இருக்கிற ஃபைலிலேயே வேலை முடியும், கூடுதல் இடம் ஒரு பைசா வேண்டாம். ஹோஸ்டில் இஎக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் எது இருந்தாலும் சரி.

விஎம்மின் செட்டிங்கை மாற்றும் விர்ஷ் எடிட் கமாண்டைத் திறந்து, டிஸ்க் பகுதியில் டிரைவர் வரியில் டிஸ்கார்டு என்பதற்கு அன்மேப் என்று மதிப்பு கொடுங்கள். விர்ட்-மேனேஜரில் டிஸ்கின் அட்வான்ஸ்டு பகுதியிலும் இதே ஆப்ஷன் உண்டு. பிறகு விஎம்முக்குள் எஃப்எஸ்ட்ரிம் -ஏவி என்று ஒரே ஒரு கமாண்ட். ஆனால் எதையும் தொடுவதற்கு முன்னால், வெளி ஹார்டு டிஸ்க் இருந்தால் விஎம்மை அணைத்துவிட்டு இமேஜை ஒரு காப்பி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கருவிப்பெட்டி:

விளக்கத்துக்கு ரொம்ப நன்றி, இதுவரை யாரும் இதை இப்படிச் சொல்லவில்லை. வெளி டிஸ்கில் காப்பி எடுத்துவிட்டேன். ஆனால் பலன் இல்லை. விர்ஷ் எடிட்டில் மாற்றினேன், விஎம்முக்குள் ரீபூட் கொடுத்தேன், எஃப்எஸ்ட்ரிம் அடித்தேன். 75 ஜிபிக்கு மேல் டிரிம் ஆனதாகவே காட்டியது, சந்தோஷமாக வெளியே வந்து பார்த்தால் அதே 83. சரி, இன்னொரு தடவை ஓட்டிப் பார்க்கலாம் என்று திரும்ப அடித்தால் 0 பைட் டிரிம் ஆனது என்கிறது. எங்கே தப்பு?

இரவுக்காவல்:

ரீபூட்தான் தப்பு. உள்ளே ரீபூட் கொடுத்தால் கெஸ்ட் மட்டும்தான் மறுபடி தொடங்கும், வெளியே ஓடும் கியூஎமு புராசஸ் பழைய செட்டிங்குடனே தொடரும். விர்ஷ் எடிட்டில் செய்த மாற்றம் அடுத்த தடவை அந்த புராசஸ் புதிதாகத் தொடங்கும்போதுதான் அமலுக்கு வரும். முழுக்க ஷட்டவுன் செய்து, விர்ஷ் லிஸ்டில் விஎம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, அப்புறம் ஸ்டார்ட் கொடுங்கள்.

75 ஜிபி என்று காட்டியது ஏன் என்றால், விர்ட்ஐஓ பிளாக் என்ற வகை விர்ச்சுவல் டிஸ்க் கியூஎமு 4.0-லிருந்து டிரிம் தெரியும் என்று கெஸ்டிடம் சொல்லிவிடுகிறது. கெஸ்ட் கேட்கும், அதுவும் சரி என்று வாங்கிக்கொள்ளும், கீழே அன்மேப் அமலில் இல்லாவிட்டால் அந்தக் கோரிக்கை அங்கேயே விழுந்துவிடும். எஃப்எஸ்ட்ரிம் காட்டும் எண் "நான் இவ்வளவு கேட்டேன்" என்பதுதான், "இவ்வளவு கிடைத்தது" என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டாம் முறை 0 வந்ததற்கும் காரணம் உண்டு. ஒரு பகுதியை டிரிம் செய்தாயிற்று என்று இஎக்ஸ்டி4 நினைவில் வைத்திருக்கும், மறுபடி மவுண்ட் ஆகும் வரை அதையே திரும்பக் கேட்காது. ஷட்டவுன் செய்து தொடங்கினால் அந்த நினைவும் போய்விடும், புதிதாகக் கேட்கும்.

கருவிப்பெட்டி:

முழுக்க அணைத்துத் தொடங்கினேன். இந்தத் தடவை எஃப்எஸ்ட்ரிம் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டது, ஹோஸ்டில் காலி இடம் கண்ணெதிரே ஏறியது! 9 ஜிபி இருந்தது 31 ஆகிவிட்டது. ஆனால் அதோடு நின்றுவிட்டது. டியூ அடித்தால் ஃபைல் 61 ஜிபி. உள்ளே 21 தானே இருக்கிறது, மீதி 40 ஜிபி எங்கே போயிற்று? இன்னொரு குழப்பம், எல்எஸ் -எல்எச் அடித்தால் இன்னமும் பழைய 83 ஜிபியையே காட்டுகிறது. எதை நம்புவது?

அடிக்குறிப்பு:

இரண்டாவது கேள்வி சுலபம். எல்எஸ் காட்டுவது ஃபைலின் நீளம், டியூ காட்டுவது ஃபைல் டிஸ்கில் உண்மையாகப் பிடித்திருக்கும் இடம். நடுவில் ஓட்டை போட்ட ஃபைல் நீளம் குறையாது, எடைதான் குறையும். டியூவை நம்புங்கள். விஎம் அணைந்திருக்கும்போது கியூஎமு-இமேஜ் இன்ஃபோ போட்டாலும் டிஸ்க் சைஸ் என்ற வரியில் அதே எண் வரும்.

ஆனால் இந்த நிலையில் ஃபைலை வேறு இடத்துக்கு நகர்த்தும்போது கவனம் வேண்டும். எஸ்சிபியில் அனுப்பினால் ஓட்டைகள் எல்லாம் பூஜ்ஜியமாக நிரம்பி மறுபடி 83 ஜிபியாகப் போய்ச் சேரும். ஆர்சிங்கில் பெரிய எஸ் ஆப்ஷன், சிபியில் ஸ்பார்ஸ்=ஆல்வேஸ் என்று கொடுத்தால் ஓட்டைகள் அப்படியே இருக்கும். வெளி டிஸ்க் எக்ஸ்ஃபேட் ஆக இருந்தால் அதுவும் உதவாது, அந்த ஃபைல் சிஸ்டத்தில் ஓட்டை உள்ள ஃபைல் என்ற வசதியே கிடையாது.

முதல் கேள்விக்கு வருகிறேன். எப்போதாவது ஸ்னாப்ஷாட் (பின்னால் திரும்பிப் போக வசதியாக டிஸ்கின் அந்த நேரத்து நிலையைச் சேமிப்பது) எடுத்தீர்களா? விஎம்மை அணைத்துவிட்டு கியூஎமு-இமேஜ் ஸ்னாப்ஷாட் -எல் அடித்து என்ன வருகிறது என்று பாருங்கள். கியூகவ்2-வில் ஒவ்வொரு கிளஸ்டருக்கும் அதை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று ஒரு எண்ணிக்கை உண்டு. ஸ்னாப்ஷாட் எடுத்த அன்று இருந்த கிளஸ்டர்களை இப்போதைய டிஸ்கும் பிடித்திருக்கும், ஸ்னாப்ஷாட்டும் பிடித்திருக்கும். டிரிம் வந்தால் இப்போதைய டிஸ்க் கையை எடுத்துவிடும், ஸ்னாப்ஷாட் விடாது. எண்ணிக்கை 2-லிருந்து 1 ஆகும், பூஜ்ஜியம் ஆகாத வரை இடம் திரும்பாது.

கருவிப்பெட்டி:

இருந்தது. 14 மாதம் முன்னால், டேட்டாபேஸைப் பெரிய வெர்ஷனுக்கு மாற்றும்போது பயத்தில் எடுத்தது, அடியோடு மறந்தே போய்விட்டேன். விர்ஷ் ஸ்னாப்ஷாட்-டெலிட் கொடுத்தேன். சில நிமிடம் ஆனது. இப்போது டியூ 23 ஜிபி காட்டுகிறது! எஃப்எஸ்ட்ரிம் திரும்ப ஓட்ட வேண்டியே இருக்கவில்லை.

அடிக்குறிப்பு:

அருமை. ஆமாம், டிஸ்க் ஏற்கெனவே கையை எடுத்துவிட்டதால் ஸ்னாப்ஷாட் போனதும் எண்ணிக்கை பூஜ்ஜியமாகி இடம் தானாக விடுபட்டுவிட்டது. விர்ஷ் வழியாக அழித்ததும் நல்லது, இல்லையென்றால் விர்ஷுக்குப் பின்னால் இருக்கும் லிப்விர்ட் வைத்திருக்கும் பட்டியலில் இல்லாத ஸ்னாப்ஷாட்டின் பெயர் நின்றுகொண்டிருக்கும். படிப்பவர்களுக்கு ஒன்று: விஎம் ஓடும்போது கியூஎமு-இமேஜால் அந்த ஃபைலில் எதையும் மாற்றாதீர்கள், இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுதினால் இமேஜ் கெட்டுப்போகும். லாக் கிடைக்கவில்லை என்று அது மறுத்தால் அதைத் தாண்ட வழி தேடாமல் விஎம்மை அணையுங்கள்.

சாளரம்:

நான் விர்ச்சுவல்பாக்ஸ் (விஎம் ஓட்டும் இன்னொரு மென்பொருள்) ஆள், இந்தத் திரியைத் தேடி வருபவர்களில் பாதிப்பேர் அதில்தான் இருப்பார்கள் என்பதால் சேர்க்கிறேன். விடிஐ ஃபைல் என்றால் உள்ளே காலி இடத்தைப் பூஜ்ஜியமாக்கிவிட்டு, அணைத்துவிட்டு, விபாக்ஸ்மேனேஜ் மாடிஃபைமீடியம் என்று தொடங்கி ஃபைலின் பெயரும் காம்பாக்ட் ஆப்ஷனும் கொடுத்தால் போதும், அதே ஃபைல் சுருங்கும். விஎம்டிகே-வில் இந்த காம்பாக்ட் வேலை செய்யாது, முதலில் விடிஐ ஆக குளோன் செய்ய வேண்டும். ஸ்னாப்ஷாட் இருந்தால் இங்கேயும் அதே தொல்லை.

பூஜ்ஜியமாக்க, லினக்ஸ் கெஸ்ட் இஎக்ஸ்டி4 என்றால் டிடியை விட ஜீரோஃப்ரீ நல்லது. அது காலி பிளாக்குகளை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்து, பூஜ்ஜியமாக இல்லாததை மட்டும்தான் எழுதும். இதுவரை தொடாத இடம் படித்தாலே பூஜ்ஜியமாக வரும், அதைத் தொடாது, அதனால் இமேஜ் வளராது. பார்ட்டிஷன் மவுண்ட் ஆகாமலோ படிக்க மட்டும் என்ற நிலையிலோ இருக்க வேண்டும், ஒரு லைவ் ஐஎஸ்ஓ-வில் பூட் செய்து ஓட்டுவது சுலபம். எக்ஸ்எஃப்எஸ்-க்கு இது ஆகாது. பிடிஆர்எஃப்எஸ்-ஐ கம்ப்ரஷன் போட்டு வைத்திருப்பவர்கள் டிடியை நம்ப வேண்டாம், அத்தனை பூஜ்ஜியமும் நசுங்கி ஒன்றுமில்லாமல் போய்விடும், காலி இடம் நிரம்பவே நிரம்பாது.

விண்டோஸ் கெஸ்ட் என்றால் பூஜ்ஜியமாக்க எஸ்டெலிட் கருவியை -இசட் என்று கொடுத்து ஓட்டுங்கள். அதற்கு முன்னால் பவர்சிஎஃப்ஜி மூலம் ஹைபர்னேட்டை அணைத்துவிடுங்கள், ஹைபர்ஃபில் என்ற ஃபைல் சில ஜிபியைப் பிடித்து வைத்திருக்கும். கேவிஎம்மில் விண்டோஸ் ஓட்டி டிஸ்கார்டும் போட்டிருந்தால் எஸ்டெலிட்டே வேண்டாம், பவர்ஷெல்லில் ஆப்டிமைஸ்-வால்யூம் கமாண்டை ரீட்ரிம் ஆப்ஷனோடு கொடுத்தால் எஃப்எஸ்ட்ரிம் செய்யும் அதே வேலை நடக்கும். விண்டோஸில் டபிள்யூஎஸ்எல் 2 (விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் வசதி) வைத்திருப்பவர்களுக்கு விஎச்டிஎக்ஸ் ஃபைல் இதே மாதிரி வீங்கும். டபிள்யூஎஸ்எல்லை ஷட்டவுன் செய்துவிட்டு டிஸ்க்பார்ட்டில் அந்த ஃபைலை செலக்ட் செய்து, ரீட்ஒன்லியாக அட்டாச் செய்து, காம்பாக்ட் விடிஸ்க் கொடுத்து, டிடாச் செய்யுங்கள்.

பூட்டுச்சாவி:

கருவிப்பெட்டி, இந்த இமேஜை இன்னொருவருக்குக் கொடுக்கப் போவதாகச் சொன்னீர்கள், அதைப் பற்றி யாரும் பேசவில்லை. அளவை விட எனக்கு அதுதான் கவலையாக இருக்கிறது. நீங்கள் அழித்த அந்த டம்ப் ஃபைல்களில் உண்மையான ஆட்களின் தகவல் இருந்ததா? இருந்தால், முதலில் இருந்த 83 ஜிபி ஃபைலை அப்படியே அனுப்பியிருந்தால் அழித்த டம்ப்களும் அதற்குள் பத்திரமாகப் போயிருக்கும். வெறும் கன்வெர்ட் செய்து அனுப்பியிருந்தாலும் அதேதான், கன்வெர்ட்டுக்கு எது அழிந்தது எது உயிரோடு இருக்கிறது என்று தெரியாது. கொஞ்சம் தெரிந்தவர்கள் அழிந்த ஃபைலை மீட்கும் ஒரு கருவியை ஓட்டினால் எடுத்துவிடுவார்கள். ஸ்னாப்ஷாட்டில் இருப்பதற்கு அந்தக் கருவி கூட வேண்டாம்.

டிரிம் பெரும்பகுதியைத் துடைத்திருக்கும், முழுசாக என்று சொல்ல மாட்டேன். கியூகவ்2 விடுவிப்பது 64 கேபி கிளஸ்டர் கணக்கில். ஒரு கிளஸ்டரில் 4 கேபி பிளாக் ஒன்று மட்டும் உயிரோடு இருந்தால் மீதி 60 கேபியில் பழைய டேட்டா அப்படியே இருக்கலாம். அதனால் கொடுப்பதற்கு முன் சாளரம் சொன்ன ஜீரோஃப்ரீயை ஒருமுறை ஓட்டுங்கள், ஏற்கெனவே டிரிம் ஆகிவிட்டதால் சீக்கிரம் முடியும். ஸ்வாப் பார்ட்டிஷனை மறக்காதீர்கள், மெமரியில் இருந்த பாஸ்வேர்டு அங்கே எழுதப்பட்டிருக்கலாம், எஃப்எஸ்ட்ரிம் அந்தப் பக்கமே போகாது. ஸ்வாப்ஆஃப் செய்து, அந்தப் பார்ட்டிஷனைப் பூஜ்ஜியமாக்கி, பழைய யூயூஐடியையே (அதன் அடையாள எண்) கொடுத்து எம்கேஸ்வாப் செய்யுங்கள், அதே யூயூஐடி இல்லாவிட்டால் அடுத்த பூட்டில் ஸ்வாப்பைத் தேடிக்கொண்டு நிற்கும். எஸ்எஸ்எச் சாவிகள், ஷெல் ஹிஸ்டரி இவையும் உள்ளே இருக்கும், ஒருமுறை கண்ணால் பாருங்கள்.

இன்னொன்று, படிப்பவர்களில் யாராவது விஎம்முக்குள் லக்ஸ் என்கிரிப்ஷன் (டிஸ்கையே பூட்டி வைக்கும் முறை) போட்டிருந்தால் டிரிம் கீழே போகாது, கிரிப்ட்டேப் என்ற செட்டிங் ஃபைலில் டிஸ்கார்டு என்று சேர்க்க வேண்டும். சேர்த்தால் எந்த இடம் காலி என்று வெளியே தெரியவரும், அது பரவாயில்லையா என்று அவரவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

கருவிப்பெட்டி:

பூட்டுச்சாவி, நீங்கள் சொன்னதும் பகீர் என்றது. டம்ப்களில் வாடிக்கையாளர் மெயில் முகவரிகள் இருந்தன. நல்லவேளை, இன்னும் அனுப்பவில்லை. நேற்று ராத்திரி லைவ் ஐஎஸ்ஓ-வில் பூட் செய்து ஜீரோஃப்ரீ ஓட்டினேன், ஸ்வாப்பையும் துடைத்தேன், டெஸ்ட் எஸ்எஸ்எச் சாவி ஒன்று கிடந்தது, அதையும் எடுத்துவிட்டேன். ஸ்னாப்ஷாட் உள்ள பழைய காப்பி வெளி டிஸ்கில் இருக்கிறதே, விஎம் ஒரு வாரம் ஒழுங்காக ஓடியதும் அதையும் அழித்துவிடுவேன்.

அனுப்பத் தனியாக ஒரு காப்பி எடுக்க கியூஎமு-இமேஜ் கன்வெர்ட்டில் -சி போட்டால் சுருக்கி எழுதும் என்று பார்த்தேன். அதைப் போடலாமா? போட்டால் விஎம் மெதுவாகுமா?

வெண்பலகை:

போடலாம், அனுப்புவதற்கு அதுதான் சரி. ஒரு தடவை எழுதும்போது மட்டும்தான் சுருக்கும், அவர் ஓட்டத் தொடங்கியதும் மாறும் கிளஸ்டர்கள் சாதாரணமாகவே எழுதப்படும், ஃபைல் கொஞ்சம் கொஞ்சமாக வளரும். படிக்கும்போது விரிக்க வேண்டியிருப்பதால் சிபியு கொஞ்சம் செலவாகும், அன்றாடம் ஓட்டும் இமேஜில் போட வேண்டாம். இருவரிடமும் கியூஎமு 5.1 அல்லது அதற்கு மேல் இருந்தால் கம்ப்ரஷன் டைப்பாக இசட்ஸ்டாண்டர்டு கொடுங்கள், விரிப்பது வேகமாக நடக்கும். முதல் பதிலில் உங்கள் ஹோஸ்டில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்க்காமலே டிடியைச் சொல்லிவிட்டேன், மன்னிக்கவும். இரவுக்காவல் உடனே தடுத்தது நல்லதாகப் போயிற்று.

கருவிப்பெட்டி:

மன்னிப்பெல்லாம் எதற்கு, கன்வெர்ட்டை நீங்கள்தானே காட்டிக்கொடுத்தீர்கள். -சி போட்டு எடுத்தாயிற்று, 9.6 ஜிபி. அவர் பக்கம் பூட் ஆகி டேட்டாபேஸும் எழுந்துவிட்டது. என்னுடைய விஎம்மில் எஃப்எஸ்ட்ரிம் டைமரை எனேபிள் செய்துவிட்டேன், வாரம் ஒருமுறை தானாக ஓடும். ஹோஸ்டில் இப்போது 69 ஜிபி காலி.